மண்டகப்பட்டு வட்டார மெல்லிசைக் குழுக்களுக்கு: பேஸ் கிட்டாரையும் ஆம்பையும் ஒப்பிடுவது குறித்து ஒரு திறந்த மடல்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையில், மண்டகப்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் திருவிழாவுக்கும் திருமண வரவேற்புக்கும் கிறிஸ்துமஸ் விழாவுக்கும் மேடையேறும் மெல்லிசைக் குழுக்களின் பேஸ் கிட்டார் கலைஞர்களுக்கும், அவர்களுக்குக் கருவி வாங்கித் தரும் குழுத் தலைவர்களுக்கும், ஒலி அமைக்கும் மைக் செட் உரிமையாளர்களுக்கும் இம்மடல் எழுதப்படுகிறது.

பேஸ் கிட்டார் வாசிப்போர் இருவர் சந்தித்தால் பேச்சு பெரும்பாலும் கருவியின் பெயரில் தொடங்கி, அதன் மரத்தில் தொடர்ந்து, அதன் விலையில் முடிகிறது. ஆம்ப் எனப்படும் பெருக்கியைப் பற்றியும், அதன் ஒலியை வெளியிடும் ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றியும், அப்பெட்டி மேடையில் நிற்கும் இடத்தைப் பற்றியும் அதே அக்கறையுடன் பேசப்படுவது அரிது. திறந்தவெளிக் கச்சேரியில் கேட்பவரின் காதுக்கு எட்டும் ஒலியைத் தீர்மானிப்பதில் கருவியின் பங்கு சிறியது என்பதும், பெட்டிக்கும் அது நிற்கும் இடத்துக்கும் உரிய பங்கு பெரியது என்பதும், ஆகவே ஒப்பிடும் உழைப்பும் செலவிடும் பணமும் அந்த வரிசையிலேயே அமைய வேண்டும் என்பதும் இம்மடலின் கருத்து.

மண்டகப்பட்டின் பெயர் வரலாற்று நூல்களில் இடம்பெறுவது, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பாறையில் குடைவித்த மும்மூர்த்தி கோயிலால் ஆகும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி அக்கோயில் அமைக்கப்பட்டதாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமையுடன் அறிவிக்கிறது. அம்மன்னனின் விருதுப் பெயர்களுள் ஒன்றான சங்கீர்ணசாதி என்பது அவனது தாள அறிவைக் குறிப்பதாக ஆய்வாளர் பலர் கொள்வதால், இசைக் கலைஞர்களுக்கு எழுதும் மடலில் அவனை நினைவுகூர்வது பொருத்தமே. குடைவரையை விட்டுக் கருவிக்கு வந்தால் நிலைமை தலைகீழ்: மரம், இரும்பு, செம்பு, காந்தம், மின்சாரம் ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் பேஸ் கிட்டார் ஒலிக்கும்; இவற்றுள் எது எவ்வளவு பங்காற்றுகிறது என்று அறியாமல் செய்யும் ஒப்பீடு வெறும் பெயர் ஒப்பீடாகவே முடியும்.

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தந்திகள் இ, ஏ, டி, ஜி என்னும் சுரங்களுக்குக் கூட்டப்படுகின்றன. இவை சாதாரண கிட்டாரின் கீழ் நான்கு தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே அமைபவை. ஹெர்ட்ஸ் என்பது ஒரு வினாடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை. அக்கணக்கில் இத்தந்திகள் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸில் அதிர்கின்றன. சென்னையின் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் முன்பு டபுள் பேஸ் என்னும் ஆளுயர வில் வாத்தியம் நிரப்பிய இக்கீழ்ப்பகுதியை மின்சார பேஸ் கிட்டார் படிப்படியாகக் கைப்பற்றியது. இளையராஜாவின் இசையில் சசிதரன் வாசித்த பேஸ் பகுதிகள், தாளத்துக்கு அடித்தளமிடுவதோடு நில்லாமல், பாடகரின் மெட்டுக்கு எதிரே தனக்கென ஒரு மெட்டை நடத்திச் செல்பவை, ஏ.ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பகுதிகளும் ரசிகர்களால் தனித்துக் கவனிக்கப்படுபவை. திருவிழா மேடையில் இப்பாடல்களை வாசிக்கும் கலைஞருக்கு நேரும் சிக்கல் இங்குதான் பிறக்கிறது: மெட்டாக ஒலிக்க வேண்டிய பகுதி, மைதானத்தில் வெறும் உறுமலாகக் கேட்கிறது. பழி கருவியின் மேல் விழுகிறது, அடுத்த ஆண்டு வேறொரு கிட்டார் வாங்கப்படுகிறது, உறுமலோ அப்படியே நீடிக்கிறது.

கருவிகளை ஒப்பிடத் தொடங்குவோர் மூன்று முன்மாதிரிகளை அறிந்தால் போதும். சந்தையிலுள்ள பெரும்பாலான கருவிகள் இவற்றின் வழித்தோன்றல்களே. லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் முதலாவது. அதன் தந்தி அதிரும் நீளமாகிய ஸ்கேல் 34 அங்குலம், இன்றும் அதுவே பொது அளவு. தந்தியின் அதிர்வைக் காந்தத்தாலும் கம்பிச் சுருளாலும் மின்னோட்டமாக மாற்றும் பிக்கப், அக்கருவியில் 1957 முதல் இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதி மற்றதற்கு எதிர்த்திசையில் சுற்றப்பட்டு வருகிறது. இரண்டாவது, 1960இல் வந்த ஜாஸ் பேஸ். இதில் இரண்டு பிக்கப்கள் உள்ளன, கழுத்தும் தலைப்பகுதியில் ஒன்றரை அங்குலமாகக் குறுகியிருப்பதால் சிறிய கைகளுக்கு இசைவாக இருக்கிறது. மூன்றாவது, 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே. கருவிக்குள்ளேயே 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சிறு பெருக்கியைக் கொண்ட இவ்வகையை ஆக்டிவ் என்றும், பேட்டரி இல்லாத பழைய வகையைப் பாசிவ் என்றும் கலைஞர் வேறுபடுத்துவர். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கையில் உலகம் கண்ட ஹோஃப்னர் வயலின் வடிவ பேஸ் நான்காவதாகச் சொல்லத்தக்கதாயினும், அதன் கூடான உடலும் 30 அங்குல ஸ்கேலும் உரத்த மேடைக்கு ஏற்றவையல்ல. பெரிய ஒலிக்கு நடுவே அவ்வுடல் தானே அதிர்ந்து ஊளையிடத் தொடங்கிவிடும்.

இவற்றின் ஒலி வேறுபாடு உண்மையானதே. பிரிசிஷனின் ஒலி கீழ்நடுப் பகுதியில் திரண்டு, டிரம்முடன் ஒட்டிக்கொண்டு நடக்கிறது. ஜாஸ் பேஸில், தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பாலத்தருகே உள்ள பிக்கப்பை உயர்த்தினால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் கூர்மையாகத் தெரிவதால், இளையராஜாவின் எதிர்மெட்டுப் பகுதிகளுக்கு அது நன்கு பொருந்துகிறது. ஸ்டிங்ரேயின் ஒலி மேலும் கீழும் பளிச்சிட்டுக் கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் முறைக்குத் துணையாகிறது. ஆயினும் இந்த வேறுபாடுகளில் கணிசமான பங்கைத் தந்தி மாற்றமே ஏற்படுத்திவிடும் என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. புதிய எஃகுத் தந்தி கட்டிய மலிவான கருவி, ஓராண்டு வியர்வையில் ஊறிய தந்தியுடைய விலையுயர்ந்த கருவியைவிடத் தெளிவாக ஒலிக்கும். பட்டையான கம்பி சுற்றிய ஃபிளாட்வௌண்ட் தந்தியோ எந்தக் கருவியையும் பழைய காலத்து மென்மைக்குக் கொண்டு சென்றுவிடும். ஆகவே தந்தி வகையும் அதன் வயதும் ஒத்திராத இரண்டு கருவிகளை அடுத்தடுத்து வாசித்துத் தீர்ப்பு வழங்குவது பொருளற்றது.

ஒப்பீட்டைக் கெடுப்பதில் தந்தியைவிடப் பெரியது ஒலியளவு. ஃபிளெட்சர், மன்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1933இல் வெளியிட்ட அளவீடுகள், ஒலி தணிந்திருக்கும்போது மனிதக் காது கீழ்ச்சுரங்களை மிகக் குறைவாகவே கேட்கிறது என்றும், ஒலி உயர உயர அக்குறை வேகமாக நீங்குகிறது என்றும் காட்டின. 1842இல் தொடங்கிய சென்னை அண்ணா சாலை மியூசி மியூசிகல் போன்ற ஒரு கடையின் அடக்கமான அறையில் கருவியைச் சோதிப்பவர், பேஸ் போதவில்லை என்று கருதி ஆம்பின் பேஸ் குமிழை முக்கால் பங்கு திருப்புகிறார். அதே அமைப்புடன் திருவிழா மேடையில் ஒலியைக் கூட்டும்போது, காது இப்போது கீழ்ச்சுரங்களை முழுமையாகக் கேட்பதால், எல்லாம் குழம்பிவிடுகிறது. மேலும், இரண்டில் எது சற்றே உரத்து ஒலிக்கிறதோ அதுவே சிறந்தது என்று காது முடிவுகட்டும். ஆக்டிவ் கருவிகள் கடையில் எளிதில் வென்றுவிடுவதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான். இரண்டு கருவிகளின் ஒலியளவையும் கைப்பேசியிலுள்ள ஒலிமானியால் சமப்படுத்தி, குமிழ்கள் அனைத்தையும் நடுநிலையில் நிறுத்தி, ஒரே பாடலின் ஒரே பகுதியை ஒரே கையால் வாசித்துப் பார்த்த பின்பே வேறுபாடு பற்றிப் பேசலாம்.

தொடக்க நிலைக் கருவிகளுக்கு இதை நடைமுறையில் பொருத்திப் பார்த்தால், யமஹாவின் டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனெஸின் ஜிஎஸ்ஆர் 200 ஆகிய இரண்டும் பிரிசிஷன் வகைப் பிக்கப் ஒன்றையும் ஜாஸ் வகைப் பிக்கப் ஒன்றையும் சேர்த்துக் கொண்டவை. முன்னது பாசிவ், பின்னதில் கீழ்ச்சுரத்தை உயர்த்தும் பேட்டரிச் சுற்று உண்டு. ஐபனெஸின் கழுத்து மெல்லியது, விரல் விரைந்து ஓடும். இருந்தும் இரவு 11 மணிக்குப் பேட்டரி தீர்ந்து ஒலி கரகரக்கும் மேடையில் 9 வோல்ட் பேட்டரி தேடி எந்தக் கடைக்கும் போக முடியாது என்ற ஒரே காரணத்துக்காகவே கிராமத்துக் கச்சேரிக்குப் பாசிவ் கருவி மேலானது.

கருவியைத் தேர்வதில் இதனினும் வலுவான காரணம் இரைச்சல் பற்றியது. நாட்டின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஊசலாடுகிறது; ஒற்றைச் சுருள் பிக்கப் தன்னைச் சுற்றியுள்ள மின்காந்த அலையையும் தந்தியின் அதிர்வாகவே எண்ணி ஆம்புக்கு அனுப்பிவிடும். இ தந்தியின் மூன்றாம் கட்டத்தில் ஒலிக்கும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ் என்பதால், ஜெனரேட்டரும் சீரியல் செட் விளக்குகளும் சூழ்ந்த மேடையில் எழும் இரைச்சல், கலைஞர் அடிக்கடி தொடும் ஒரு சுரத்தின் மேலேயே வந்து அமர்ந்துகொண்டு, சுருதி கலைந்ததுபோன்ற உணர்வைக் கேட்பவருக்கு உண்டாக்குகிறது. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்களையும் சம அளவில் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அழிக்கும், ஒன்றைக் குறைத்தவுடன் இரைச்சல் திரும்பிவிடும். பிரிசிஷனின் பிளவுபட்ட பிக்கப்பில் இரைச்சல் எப்போதும் அழிக்கப்படுகிறது. இவ்வட்டாரத்து மேடைக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க இயலும் என்றால், 34 அங்குல ஸ்கேலும் பிளவுபட்ட பிக்கப்பும் உடைய நான்கு தந்திப் பாசிவ் கருவியே உரியது.

ஐந்து தந்திக் கருவியின் மீதுள்ள மோகம் தனியே பேசத்தக்கது. அதன் கூடுதல் தந்தியாகிய கீழ் பி 30.87 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. வாடகை மைக் செட்டுகளில் பரவலாகக் காணப்படும் 15 அங்குல ஸ்பீக்கர் பெட்டிகள் 45, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே விரைந்து வலுவிழப்பவை. பழைய கூம்பு ஒலிபெருக்கியோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் வெளியிடாது. இருந்தும் சுரம் கேட்கிறதே என்றால், ஒவ்வொரு சுரத்துடனும் அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்கள் உடன் எழுவதும், அடிப்படை அதிர்வு காணாமற்போனாலும் மேற்சுரங்களிலிருந்து மூளை அதை ஊகித்துக்கொள்வதுமே காரணம். இ தந்தியில்கூட 82 ஹெர்ட்ஸிலுள்ள முதல் மேற்சுரமே அடிப்படையைவிட வலுவாக இருப்பது வழக்கம். ஆகவே 80 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைத் தெளிவாக ஒலிக்கும் பெட்டியே பேஸ் கலைஞருக்கு வேண்டியது; ஐந்தாம் தந்திக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அங்கே செல்வது நல்லது.

ஆம்பை வாங்கும்போது அனைவரும் முதலில் பார்க்கும் வாட்ஸ் கணக்கு, தனியே நின்றால் மிகக் குறைவாகவே பயன்படும். திறனை 100 வாட்ஸிலிருந்து 200 வாட்ஸாக இரட்டித்தால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். கேட்பவருக்கு இரு மடங்கு உரத்ததாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைவதால், ஒரு மீட்டரில் 110 டெசிபலாக இருப்பது 32 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரிடம் 80 டெசிபலாகவே சேர்கிறது. இந்த இழப்பை வாட்ஸால் ஈடுகட்ட முயல்வதைவிட, ஒரு வாட்ஸுக்கு அதிக ஒலி தரும் பெட்டியைத் தேர்வது மலிவு. பெட்டியின் விவரத் தாளில் ஒரு வாட்ஸ், ஒரு மீட்டர் என்ற குறிப்புடன் வரும் டெசிபல் எண்ணே அதைச் சொல்கிறது.

அச்சிட்ட வாட்ஸ் எண்ணும் அப்படியே கிடைப்பதில்லை. ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குத் தரும் தடை ஓம்ஸில் அளக்கப்படுகிறது. தடை குறையும்போது ஆம்ப் அதிகத் திறன் வழங்குகிறது. ஃபெண்டரின் ரம்பிள் 500 என்னும் ஆம்ப், உள்ளேயுள்ள இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்களுடன் மட்டும் இயங்கும்போது 350 வாட்ஸே தருகிறது. கூடுதலாக ஒரு 8 ஓம்ஸ் பெட்டியை இணைத்து மொத்தத் தடையை 4 ஓம்ஸாக்கினால்தான் பெயரிலுள்ள 500 கிடைக்கும். அதற்கும் ஆசைப்பட்டு மூன்றாவது பெட்டியை இணைத்தால் தடை அனுமதித்த அளவுக்குக் கீழே இறங்கி, ஆம்ப் பழுதாகும் வாய்ப்பு உண்டு. ஆனால் இந்த ஆம்பின் எடை சுமார் பதினாறரை கிலோதான் என்பது பெரிய வசதி; மின்சாரத்தை வேகமாக நிறுத்தி இயக்கும் கிளாஸ் டி முறை வந்த பின் ஆம்புகள் இளைத்துவிட்டன. ராக் இசைக் கலைஞர்கள் இன்றும் போற்றும் ஆம்பெக் எஸ்விடி 1969இல் வெற்றிடக் குழாய்களுடன் 300 வாட்ஸ் திறனில் வந்தது. தலைப்பகுதி மட்டும் 35 கிலோவுக்கு மேல், எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட அதன் பெட்டிக்கு ஃபிரிட்ஜ் என்றே பட்டப்பெயர். அதன் ஒலி அற்புதமானதே. எனினும் கீபோர்டு, டிரம்ஸ், பாடகர், நடனக் குழுவின் பெட்டி எல்லாவற்றையும் ஒரே குட்டி யானையில் ஏற்றிச் செல்லும் குழு அதைக் கனவில் வைத்துக்கொள்வதே மேல்.

இனி, இவ்வட்டார மேடைகளில் பணமே செலவில்லாமல் ஒலியை மாற்றக்கூடிய செய்திக்கு வரலாம். இ சுரத்தின் ஒலியலை சுமார் 8.3 மீட்டர் நீளமுடையது. இவ்வளவு நீண்ட அலை பெட்டியின் முன்புறம் மட்டும் செல்லாமல் எல்லாத் திசையிலும் பரவும். கோயில் மதிலையோ கட்டடச் சுவரையோ பின்னணியாகக் கொண்ட மேடையில் பெட்டி அச்சுவரிலிருந்து சுமார் 2 மீட்டர் முன்னே வைக்கப்பட்டால், பின்னோக்கிச் சென்ற அலை சுவரில் பட்டுத் திரும்பி 4 மீட்டர் கூடுதலாகப் பயணித்து, அதாவது அரை அலை நீளம் தாமதித்து, முன்னோக்கிச் செல்லும் அலையை எதிர்கொண்டு அழித்துவிடுகிறது. கலைஞர் கீழ் இ சுரத்தைத் தட்டுகிறார், மக்களிடம் அதன் அடிப்படை அதிர்வு போய்ச் சேருவதில்லை. டி, ஜி தந்திகள் உரத்துக் கேட்கின்றன. கருவியில் ஏதோ செத்த சுரம் இருப்பதாகச் சொல்லி அது பழுது பார்ப்பவரிடம் அனுப்பப்படுகிறது. செஞ்சிப் பகுதியின் கருங்கல் சுவர் ஒலியை உறிஞ்சாது, ஏறத்தாழ முழுவதையும் திருப்பி அனுப்பும் என்பதால் இவ்விளைவு இங்கே இன்னும் கடுமையாக இருக்கும். பெட்டியை நகர்த்திச் சுவரோடு ஒட்டி வைத்தால் அதே கருங்கல் உதவிக்கு வருகிறது: திரும்பும் அலை தாமதமின்றிச் சேர்வதால் கீழ்ச்சுரம் 6 டெசிபல் வரை உயரும், அதாவது ஆம்பின் திறனை நான்கு மடங்காக்கிய பயன் ஒரு ரூபாயும் செலவின்றிக் கிடைக்கும். சாரக்கட்டையின் மேல் பலகை அடுக்கிய மேடையில் பெட்டியை வைத்தால் பலகை தானே உறுமும். இயன்றவரை தரையில் வைப்பது நல்லது.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்குச் சென்றவர்கள் அறிவர்: பம்பை மேளத்தின் அடி அத்தனை கூட்டத்திலும் தனித்துக் கேட்பது அதன் கனத்தால் மட்டுமன்று, ஒவ்வொரு அடியும் பிறந்தவுடன் அடங்கி அடுத்த அடிக்கு இடம் விடுவதாலும்தான். டிரம்ஸின் கிக்கும் பேஸும் ஒரே இடத்தில் மோதும்போது ஆம்பில் கீழ்ச்சுரத்தைக் குறைத்து 200 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைச் சற்றே உயர்த்துவதும், தந்தியை வலக்கையால் உடனுக்குடன் அடக்கி வாசிப்பதும் இதே பயனைத் தரும். ஒலியைத் தணித்து வாசிக்கவும் காரணம் உண்டு: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன; ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை விலக்களிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. விதிகள் பயன்படுத்தும் டெசிபல் ஏ என்ற அளவீடு 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்தே கணக்கிடுவதால், ஒலிமானியில் அடங்கியதாகக் காட்டும் பேஸ் அடுத்த தெரு வீட்டுச் சன்னலை ஆட்டிக்கொண்டிருக்கலாம். இதைச் சட்டத்தின் ஓட்டை என்று கொண்டாடாமல் இருப்பது குழுவுக்கு அடுத்த ஆண்டும் அழைப்பு வருவதற்கு உதவும்.

குழுத் தலைவர்கள் ஒதுக்கும் பணத்தில் பத்தில் நான்கு பங்கு கருவிக்கும் தந்திக்கும், ஆறு பங்கு ஆம்புக்கும் பெட்டிக்கும் டிஐ பாக்ஸுக்கும் செல்லலாம். டிஐ பாக்ஸ் என்பது கிட்டாரின் மெல்லிய மின்குறியை நீண்ட கேபிளில் இரைச்சலின்றி மிக்ஸருக்குக் கொண்டு செல்லும் சிறு பெட்டி; மேடையிலுள்ள ஆம்ப் கலைஞருக்காகவும், மிக்ஸர் வழியே செல்லும் ஒலி மக்களுக்காகவும் என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வகையில் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சுவிட்ச் இருப்பது இரைச்சலை நீக்கும். அந்தச் சுவிட்ச் ஒலிக்குறியின் எர்த்தை மட்டுமே துண்டிக்கிறது, மின்சார எர்த்தை அன்று.

இந்த வேறுபாட்டை மறந்து, இரைச்சல் போக வேண்டும் என்பதற்காக ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டியோ பிடுங்கியோ எறியும் பழக்கம் இன்னும் மேடைகளில் உள்ளது. பேஸ் கிட்டாரின் உலோகப் பாலமும் அதன் வழியே தந்திகளும் ஆம்பின் எர்த்துடன் இணைந்தவை; எர்த் அறுந்த ஆம்பில் மின்கசிவு ஏற்பட்டால் தந்தியைப் பிடித்திருக்கும் கை 230 வோல்ட்டில் இருக்கும், கலைஞரின் உதடு மைக்கைத் தொடும் கணத்தில் மின்சாரம் அவர் உடல் வழியே பாயும். மண்டகப்பட்டு வட்டாரத்துக் குழுக்களும் மைக் செட் உரிமையாளர்களும், அடுத்த கச்சேரிக்கு முன் ஜெனரேட்டருக்கு எர்த் கம்பியை ஈர மண்ணில் இறக்கி, மேடைக்குச் செல்லும் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சைப் பொருத்தி, மூன்று பின்னும் உள்ள பிளக்குகளை மட்டுமே மேடையில் அனுமதிக்குமாறு இம்மடல் வேண்டிக்கொள்கிறது. புதுக் கிட்டார் அடுத்த ஆண்டு வாங்கலாம். அந்தச் சுவிட்சை இந்த மாதமே வாங்கிவிட வேண்டும்.